சிவப்புக் கோடும் பெயிண்ட் அண்ணாச்சியும்

ரெண்டு மாசமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஊரில் இருந்தவரை ஆபீஸ் ஆணி, இங்கே வந்தபிறகு அசைன்மென்ட் ஆணி. இடையில் வகுப்பில் ஒரு அசிங்கம் நடந்தது. எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு, சரி, நம்ம மக்கள்தானே, படித்துச் சிரித்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

டிஸ்கி: பதிவில் கட்டட வேலை சமாச்சாரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பொட்டி தட்டுகிற மக்களுக்கும் மேனேஜர் தலையில் கட்டிய சார்ட் ஒன்று கண்டிப்பாக இருக்கும் என்பதால் தைரியமாக உள்ளே வரலாம். நடுவில் இட்லியும் உண்டு.

இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஒரு ஊரில் கட்டுமான மேலாண்மை எம்.எஸ்ஸி. படிக்கிறேன். அதற்கு முன்னால் சென்னையில் இரண்டு வருஷம் பிளானிங் இன்ஜினியர். அதாவது சைட்டில் நடப்பதை சார்ட்டாகப் போட்டு வாராவாரம் மேலே அனுப்புகிற வேலை. அந்த ஒரே காரணத்தால் எங்கள் நாலு பேர் குழுவில் சாஃப்ட்வேர் முழுக்க என் பொறுப்பு. 'இவன் ஏற்கெனவே வேலை பார்த்தவன், இவனுக்குத் தெரியும்' என்று மற்ற மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொடுத்த வேலை இதுதான். ஆறு மாடி மாணவர் விடுதி ஒன்று கட்டவேண்டும். வரைபடம், அளவு எல்லாம் கையில் கொடுத்துவிடுவார்கள். அதை வேலைகளாகப் பிரித்து, எது முடிந்தால் எது ஆரம்பிக்கும் என்று இணைத்து, பிரைமவேராவில் ஏற்றி, 'இதுதான் கிரிட்டிக்கல் பாத்' என்று காட்டவேண்டும். அந்தப் பாடத்தின் மதிப்பெண்ணில் நாற்பது சதவீதம் இதற்கு. நாங்கள் 312 வேலைகள் போட்டிருந்தோம். எஃப்9 தட்டினால் கணக்குப் போட்டுவிடும். பச்சைப் பட்டைகளுக்கு நடுவில் சிவப்புப் பட்டைகள் பளிச்சென்று வந்தன. முடிவு தேதி ஜூன் 9, செவ்வாய்க்கிழமை. ஒப்பந்தப்படி கெடு ஜூன் 30. மூன்று வாரம் மிச்சம்! குழுவில் இருந்த கொலம்பியாக்காரன் எழுந்து நின்று கை தட்டினான்.

பேராசிரியர் வயதானவர். பாடம் எடுக்க வருவதற்கு முன் பல வருஷம் சைட்டில் பிளானராக இருந்தவர். நான் சிவப்புப் பட்டைகளை லேசர் பாயின்டரால் வருடிக்கொண்டே, "சுற்றுவேலி, வெளி வடிகால், நடைபாதைக் கல் பதித்தல்... இதுதான் எங்கள் கிரிட்டிக்கல் பாத். லிஃப்ட் விஷயத்தில் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை" என்று முழங்கினேன். அவர் குறுக்கே பேசவில்லை. எழுந்து வந்து, "கொஞ்சம் நகர்ந்துக்கிறியா?" என்று கேட்டு கீபோர்டை வாங்கிக்கொண்டார். நடைபாதைக் கல் வேலை 15 நாள் என்று இருந்ததை 25 ஆக்கினார். எஃப்9.

முடிவு தேதி ஜூன் 9. அசையவே இல்லை.

"உன் கிரிட்டிக்கல் பாத்தில் பத்து நாள் கூட்டியிருக்கிறேன். கட்டடம் அதே நாளில் முடிகிறது. அப்போ நீ இவ்வளவு நேரம் எங்களுக்குக் காட்டியது என்ன?"

பதில் இல்லை. அறையில் ஹீட்டர் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு வாரம் டைம் தருகிறேன், திருத்திக்கொண்டு வாருங்கள் என்றார். வெளியே வந்ததும் குழுவில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

*

என்ன கோளாறு என்று சொல்வதற்கு முன், கிரிட்டிக்கல் பாத் என்றால் என்ன என்பதை இட்லி வைத்துச் சொல்லிவிடுகிறேன். (எங்கள் வீட்டில் உண்மையிலேயே நடந்த கதை.)

ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குத் தட்டில் இட்லி இருக்கவேண்டும். அரிசி உளுந்து ஊற 5 மணி நேரம், அரைக்க 1 மணி நேரம். இந்த ஊர்க் குளிருக்கு மாவு பொங்க, அவனுக்குள் லைட்டைப் போட்டு வைத்தாலும், 14 மணி நேரம். வேகவைக்க அரை மணி. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. கூட்டினால் இருபதரை மணி நேரம். சாம்பாருக்குப் பருப்பு வேக அரை மணி, எல்லாம் சேர்ந்து கொதிக்க அரை மணி, ஆக ஒரு மணி நேரம்.

முதலில் முன்னாலிருந்து பின்னால் எண்ணவேண்டும். சனிக்கிழமை மதியம் 12.30-க்கு ஊறப்போட்டால் ஞாயிறு 9-க்கு இட்லி. பிறகு பின்னாலிருந்து முன்னால்: 9 மணிக்குச் சாம்பார் தயாராக, கடைசி பட்சம் எத்தனை மணிக்குப் பருப்பை அடுப்பில் ஏற்றலாம்? காலை 8. ஆக, சாம்பார் சனி மதியம் 12.30-க்கும் ஆரம்பிக்கலாம், ஞாயிறு 8-க்கும் ஆரம்பிக்கலாம். இடையில் இருக்கும் பத்தொன்பதரை மணி நேரம்தான் ஃப்ளோட். அதாவது எவ்வளவு தூங்கி வழிந்தாலும் கடைசி நேரம் கெடாத அளவு. மாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது கால் மணி பிந்தினால் இட்லி கால் மணி பிந்தும். சனி மதியத்திலிருந்து ஞாயிறு காலை வரை இழுத்துக்கொண்டு போகிற அந்த நீளமான சங்கிலிதான் கிரிட்டிக்கல் பாத். சங்கிலிகளிலேயே நீளமானது எதுவோ அதுதான் வேலை முடிய ஆகும் குறைந்தபட்ச நேரம். கணக்கு அவ்வளவுதான்.

1957 வாக்கில் டூபான்ட் கம்பெனியில் இருந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்டில் இருந்த ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து இதை யூனிவாக் கணினியில் ஓடவிட்டார்கள். ரசாயனத் தொழிற்சாலை கட்டுவது, பராமரிப்புக்காக மூடுவது போன்றவற்றில் நாள் மிச்சம் பிடிப்பது நோக்கம். 1959-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதே சமயத்தில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக பெர்ட் என்று ஒன்றைத் தனியாக உருவாக்கிக்கொண்டிருந்தது. 'கிரிட்டிக்கல் பாத்' என்ற பெயரே அந்த பெர்ட் கோஷ்டியிடமிருந்து வந்ததுதான் என்று கெல்லியே சொல்லியிருக்கிறார். பிறகு 1984-ல் மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் டாஸில் வந்தது. 1983-ல் தொடங்கிய பிரைமவேரா கம்பெனியை ஆரக்கிள் 2008-ல் வாங்கியது. ஒரு அறையை அடைத்துக்கொண்டு யூனிவாக் போட்ட கணக்கை இப்போது என் ஓட்டை லேப்டாப் ஒரு வினாடியில் போடுகிறது. தப்பாகப் போட்டாலும் அதே ஒரு வினாடி :-)

தப்பு என்று சொன்னது தப்பு. சாஃப்ட்வேர் கணக்கைச் சரியாகத்தான் போடுகிறது. நாம்தான் அது சொல்லாததை அதன் வாயில் திணிக்கிறோம். பிரைமவேராவில் சிவப்புப் பட்டைக்கு 'இது நீளமான சங்கிலி' என்று அர்த்தம் இல்லை. 'இந்த வேலையின் ஃப்ளோட் பூஜ்யம் அல்லது அதற்கும் கீழே' என்று மட்டும்தான் அர்த்தம். மைக்ரோசாஃப்ட் புராஜெக்டிலும் ஆப்ஷன்ஸ் உள்ளே போய்ப் பார்த்தால் அதே விதி, எத்தனை நாள் என்று மாற்றிக்கொள்ள ஒரு கட்டமும் இருக்கும். எல்லா வேலைக்கும் ஒரே நாள்காட்டி, எங்கேயும் தேதி கட்டாயம் இல்லை, எல்லா இணைப்பும் இருக்கிறது என்றால், பூஜ்ய ஃப்ளோட்டும் நீளமான சங்கிலியும் ஒன்றேதான். பாடப்புத்தகத்தில் வரும் ஏழு வேலைக் கணக்கு எல்லாம் அப்படித்தான் இருக்கும். நிஜத்தில் இந்த மூன்றும் சேர்ந்தாற்போல் அமைந்து நான் பார்த்ததில்லை.

*

அன்று ராத்திரியே ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் கோளாறு ரொம்பச் சின்னது. புராஜெக்டுக்கு 'இந்தத் தேதிக்குள் முடியவேண்டும்' என்று ஜூன் 30-ஐ நான் கொடுத்திருந்தேன். அப்படிக் கொடுத்தால் சாஃப்ட்வேர் பின்னாலிருந்து எண்ணும்போது ஜூன் 9-லிருந்து எண்ணாது, ஜூன் 30-லிருந்து எண்ணும். விளைவு, நிஜமான நீளச் சங்கிலியில் இருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் 15 வேலைநாள் ஃப்ளோட் இனாம். பூஜ்யம் இல்லையே, அதனால் பச்சை. கட்டடத்தையே இழுத்துப் பிடித்திருக்கும் சங்கிலி பச்சைப் பட்டைகளோடு பச்சையாகச் சாதுவாக நின்றுகொண்டிருந்தது.

அப்போ சிவப்பு எங்கிருந்து வந்தது? ரோடு போடும் வேலைக்காக வெளிப்புற வேலையெல்லாம் ஏப்ரல் 17-க்குள் முடியவேண்டும் என்று பாடக் குறிப்பில் ஒரு வரி இருந்தது. குழுவில் இருந்த சீனத்துத் தோழி பொறுப்பாக அந்த மைல்கல்லில் 'இந்தத் தேதிக்குள்' என்று கட்டுப்பாடு போட்டிருந்தாள். சுற்றுவேலியும் நடைபாதையும் சரியாக ஏப்ரல் 17-ல் போய் முட்டின. ஃப்ளோட் பூஜ்யம். சிவப்பு! அந்த மைல்கல்லுக்கு அவை முக்கியம்தான். ஆனால் ஜூன் 9-க்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. பேராசிரியர் பத்து நாள் கூட்டியபோது மைல்கல் மே 1-க்குப் போய் ஃப்ளோட் மைனஸ் பத்து ஆகியிருக்கும், கட்டடம் அது பாட்டுக்கு ஜூன் 9-ல் நின்றிருக்கும்.

அவள் மேல் தப்பில்லை. தேதி பாடக் குறிப்பில் இருந்தது, அதைப் போடத்தான் வேண்டும். இரண்டு வேறு கெடுவுக்கான இரண்டு பாதைகளுக்கு ஒரே நிறம் அடித்து, ஒன்று என்று நினைத்து, லேசர் பாயின்டரோடு கிளம்பியது நான்.

ஜூன் 30-ஐ எடுத்தேன். ஏப்ரல் கட்டுப்பாட்டையும் தற்காலிகமாக எடுத்து வைத்தேன். எஃப்9. இப்போது நிஜச் சங்கிலி சிவந்தது. ஆனால் துண்டு துண்டாக. கான்கிரீட் போடுவது சிவப்பு, க்யூரிங் பச்சை, சென்ட்ரிங் பிரிப்பது சிவப்பு. ஒவ்வொரு மாடியிலும் இதே ஓட்டை.

இதற்கும் இட்லியிடம் பதில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ராத்திரி 10-லிருந்து காலை 8 வரை மிக்ஸி போடக்கூடாது என்று சட்டம். உளுந்து விற்கும் கடை மாலை 6 மணிக்கு மூடிவிடும். ஒரு சனிக்கிழமை நான் 5 மணிக்குக் கடைக்கு ஓடி 6 மணிக்கு வந்து ஊறப்போட்டேன். 11 மணிக்கு ஊறி முடிந்தது. ஆனால் மிக்ஸி காலை 8-க்குத்தான். ஆக, ஊறுவதற்கு 9 மணி நேரம் ஃப்ளோட். அதிகாலை 3 மணிக்கு ஊறப்போட்டிருந்தாலும் ஒன்றும் கெட்டிருக்காது. அதற்காகக் கடைக்கு ஒரு மணி நேரம் லேட்டாகப் போகலாமா? கடை மூடியிருக்கும், கதை கந்தல். கடை சிவப்பு, ஊறுவது பச்சை, அரைப்பது சிவப்பு.

கான்கிரீட்டும் அப்படித்தான். ஆட்கள் திங்கள் முதல் வெள்ளி வரைதான் வேலை செய்வார்கள். கான்கிரீட்டுக்கு சனி ஞாயிறு தெரியாது, அது பாட்டுக்கு இறுகும். வெள்ளிக்கிழமை தளம் போட்டால் ஏழு நாள் க்யூரிங் அடுத்த வெள்ளியில் முடிகிறது. சென்ட்ரிங் பிரிக்கும் ஆட்கள் திங்கள்தான் வருவார்கள். நடுவில் இருக்கும் சனி ஞாயிறு இரண்டு நாளும் க்யூரிங்குக்கு ஃப்ளோட்டாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. ஏழு நாள் நாள்காட்டியும் ஐந்து நாள் நாள்காட்டியும் சந்திக்கும் இடத்தில் எல்லாம் இந்தக் கூத்து நடக்கும். ஃப்ளோட்டை மட்டும் பார்க்கிறவன் 'க்யூரிங் கிரிட்டிக்கல் இல்லை' என்று எழுதிவிடுவான்.

பிரைமவேராவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஷெட்யூல் ஆப்ஷன்ஸுக்குள் போனால் கிரிட்டிக்கல் என்பதை 'டோட்டல் ஃப்ளோட்' என்பதற்குப் பதில் 'லாங்கஸ்ட் பாத்' என்று மாற்றலாம். அப்போது அது ஃப்ளோட்டைப் பார்க்காது. கடைசியாக முடியும் வேலையைப் பிடித்துக்கொண்டு, 'உன்னை இந்தத் தேதிக்குத் தள்ளியது யார்?' என்று கேட்கும். அவனைப் பிடித்து, 'உன்னைத் தள்ளியது யார்?' இப்படியே பின்னால் போய் முதல் நாள் வரை. சின்ன வயதில் வீட்டில் பாத்திரம் உடைந்தால் அம்மா நடத்தும் விசாரணை மாதிரி. மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் இந்த ஆப்ஷன் இல்லை. 2013 பதிப்பிலிருந்து 'டாஸ்க் பாத்' என்று ஒரு பட்டன் இருக்கிறது, கடைசி வேலையைத் தேர்ந்தெடுத்து 'டிரைவிங் பிரிடிசசர்ஸ்' போட்டால் அதைத் தள்ளுகிறவர்கள் வரிசையாக வேறு நிறத்தில் தெரிவார்கள்.

மாற்றினேன். ஓட்டை எல்லாம் அடைபட்டு ஒரே சிவப்புக் கோடு. அஸ்திவாரம், ஆறு தளம், பூச்சு வேலை, பெயிண்ட், ஒப்படைப்பு. மணி ராத்திரி ஒன்றரை. கொலம்பியாக்காரனுக்கு 'கிடைத்துவிட்டது' என்று மெசேஜ்கூட அனுப்பிவிட்டேன்.

பிறகுதான் அந்தக் கோட்டைத் திரும்பவும் பார்த்தேன். ஆறு மாடிக் கட்டடம். லிஃப்ட் எங்கே?

*

எஃப்9 தட்டும்போது கூடவே ஒரு லாக் ஃபைல் வரும். நான் சென்னையில் இரண்டு வருஷத்தில் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. அதில் 'இவற்றுக்குப் பின்னால் எந்த வேலையும் இல்லை' என்று ஒரு பட்டியல் இருக்கும். நியாயமாக அதில் ஒன்றே ஒன்றுதான் இருக்கவேண்டும், கடைசி ஒப்படைப்பு. எங்களுடையதில் பதினொன்று. அதில் ஒன்று 'லிஃப்ட் வரைபட ஒப்புதல்'.

ஒப்புதல் வந்தால்தான் லிஃப்ட் தயாரிப்பே தொடங்கும். அந்த இணைப்பு இல்லை. தயாரிப்பு 14 வாரம். அதை நாங்கள் தோராயமாக ஒரு தேதியில் ஆணி அடித்து உட்காரவைத்திருந்தோம். ஒப்புதல் எத்தனை மாசம் பிந்தினாலும் இந்த சார்ட்டில் லிஃப்ட் குறித்த நாளில் டாண் என்று வந்து இறங்கும். பின்னால் ஆள் இல்லாத வேலைக்குக் கடைசித் தேதி வரை முழுக்க ஃப்ளோட், அதனால் நல்ல பச்சை. 'லிஃப்ட் விஷயத்தில் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை.' சொன்னது ஞாபகம் இருக்கிறதா?

ஆணியைப் பிடுங்கினேன். ஒப்புதலைத் தயாரிப்போடும், லிஃப்ட் பொருத்துவதை ஒவ்வொரு மாடி லாபி பூச்சோடும், பூச்சைப் பெயிண்டோடும் இணைத்தேன். எஃப்9. முடிவு தேதி ஜூன் 26, வெள்ளி. சிவப்புக் கோடு இப்போது லிஃப்ட் வரைபட ஒப்புதலில் ஆரம்பித்து, லிஃப்ட், லாபி பூச்சு, பெயிண்ட், ஒப்படைப்பு என்று போனது. மூன்று வாரம் மிச்சம் என்று கை தட்டினோமே, உண்மையில் மிச்சம் இரண்டு வேலைநாள்.

சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். ஆனால் லிஃப்ட், லாபி, பெயிண்ட் என்ற அந்த வரிசையைப் பார்த்ததும் வயிற்றுக்குள் என்னமோ செய்தது. இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்தவேண்டும்.

சென்னையில் நான் வேலை பார்த்தது ஒன்பது மாடிக் குடியிருப்பு. அங்கே மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட். அதில் லிஃப்டுக்கும் லாபி பெயிண்டுக்கும் ஆரம்பத்தில் இணைப்பு இருந்தது. போட்டவர் எனக்கு முன்னால் இருந்த சீனியர். கிளையன்ட் பக்கத்து ஆர்க்கிடெக்ட்டிடம் லிஃப்ட் வரைபடம் போய் மாட்டிக்கொண்டது. ஒரு வாரம், ரெண்டு வாரம், ஒரு மாசம். சார்ட்டில் ஒப்புதல், லிஃப்ட், பெயிண்ட் எல்லாம் வரிசையாகச் சிவந்தது. மீட்டிங்குக்கு முதல் நாள் மேனேஜர் கூப்பிட்டார்: "கிளையன்ட் பேரு சிவப்புல வந்தா நல்லாருக்காதுப்பா. சரி பண்ணி அனுப்பு."

சரி பண்ணினேன். அந்த வயதில் எந்த இணைப்பை வெட்டினால் எந்தச் சிவப்பு மறையும் என்பது எனக்கு விரல்நுனியில். லிஃப்டையும் பெயிண்டையும் பிரித்தேன். ஒப்புதலையும் லிஃப்டையும் பிரித்தேன். லிஃப்ட் ஆரம்பத் தேதியைக் கையால் அடித்தேன். (அப்படி அடித்தால் அந்த சாஃப்ட்வேர் தானாகவே 'இந்தத் தேதிக்கு முன்னால் ஆரம்பிக்காதே' என்று ஒரு கட்டுப்பாட்டைப் போட்டுவிடும். பலருக்குத் தெரியாது.) வாராவாரம் அந்தத் தேதியை ஒரு வாரம் தள்ளித் தள்ளி அடித்தேன். லிஃப்ட் நல்ல பச்சையாக நகர்ந்துகொண்டே இருந்தது. பெயிண்ட் வேலை மட்டும் எழுபது சதவீதத்தில் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? லிஃப்ட் கதவுக்கு ஃபிரேம் வைக்காமல் அதைச் சுற்றிப் பூச முடியாது, பூசாமல் பெயிண்ட் அடிக்க முடியாது. ஆனால் சார்ட்டில் அந்தக் காரணம் இல்லை, நான் வெட்டிவிட்டேன். சார்ட்டில் இருந்ததெல்லாம் தனியாக, நீளமாக, சிவப்பாக ஒரு பெயிண்ட் பட்டை.

பெயிண்ட் கான்ட்ராக்ட் எடுத்தவர் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. பத்துப் பன்னிரண்டு பையன்களை வைத்துக்கொண்டு தானும் ஏணியில் ஏறி வேலை செய்கிறவர். கடைசி பில்லில் தாமதத்துக்கென்று ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பிடித்தார்கள். பிடிப்பதற்கு ஆதாரமாக ஃபைலில் வைத்தது ஒரு ஏ3 தாள். அந்த சார்ட். பிரின்ட் எடுத்துக் கொடுத்தது நான். கலர் பிரின்ட், சிவப்பு நன்றாகத் தெரியவேண்டுமே.

அப்போது எனக்கு அதில் பெரிய உறுத்தல் இருந்தது என்று சொன்னால் பொய். 'பெயிண்டர் லேட்தானே, சார்ட்லயே தெரியுதே' என்று நானும் நம்பினேன். இணைப்பை வெட்டிய கை என்னுடையது என்பது மூன்றாவது வாரமே எனக்கு மறந்துபோயிருந்தது. இங்கே இந்த நாட்டில் இதையே தொழிலாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தாமதத்துக்கு யார் காரணம் என்று பழைய ஷெட்யூல் ஃபைல்களைத் தோண்டி எடுத்து வாதாடுவார்கள். கட்டுமானச் சட்டச் சங்கம் 2002-ல் இதற்கென்றே ஒரு நெறிமுறை வெளியிட்டு, 2017-ல் இரண்டாம் பதிப்பும் கொண்டுவந்தது. எந்த இணைப்பு எந்த வாரம் காணாமல் போனது என்று இரண்டு வாரத்து ஃபைலை அருகருகே வைத்தாலே தெரிந்துவிடும். அண்ணாச்சியிடம் ஃபைலும் இல்லை, வக்கீலும் இல்லை.

*

அடுத்த வாரம் மறுபடி வகுப்பு. இந்த முறை நான் லேசர் பாயின்டர் எடுத்துப் போகவில்லை. பேராசிரியர் பேச்சைக் கேட்கவே இல்லை, நேராகக் கீபோர்டுக்கு வந்தார். லிஃப்ட் தயாரிப்பில் பத்து நாள் கூட்டினார். எஃப்9. ஜூன் 26, ஜூலை 10 ஆனது. பத்து வேலைநாள், அச்சு அசலாக. பிறகு பத்தை எடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த பச்சை ஒன்றில் ஒரே ஒரு நாள் கூட்டிப் பார்த்தார். அசையவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். ஏப்ரல் 17 மைல்கல்லை என்ன செய்தாய் என்று கேட்டார். கட்டுப்பாட்டைத் திரும்பப் போட்டிருக்கிறேன், அந்தப் பாதையைத் தனி லேஅவுட்டில் வேறு நிறத்தில் காட்டுகிறேன் என்றேன். "அந்தப் பதினோரு ஓப்பன் எண்டும்?" "இப்போது ஒன்றுதான்." நகர்ந்து அடுத்த குழுவுக்குப் போய்விட்டார். பாராட்டெல்லாம் கிடையாது, இவர்கள் வழக்கம் அப்படி. மதிப்பெண் இன்னும் வரவில்லை.

அண்ணாச்சி நம்பர் என்னிடம் இருக்கிறது. தினமும் காலையில் முருகன் படத்தோடு 'இனிய காலை வணக்கம்' வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் பார்த்துவிட்டு விடுவேன், பதில் போட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மாவு அவனுக்குள் இருந்தபோது அவருக்குப் போன் போட்டேன். ஊரில் மத்தியானம். ஏதோ சைட்டில் இருந்தார், பின்னால் தேய்க்கிற சத்தம். நலம் விசாரித்துவிட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், சார்ட், இணைப்பு, ஃப்ளோட் என்று என்னென்னமோ உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்லுத கம்ப்யூட்டர் சமாச்சாரம் எனக்கு ஒண்ணும் வெளங்கல தம்பி. லிஃப்ட்காரன் கதவு மாட்டாம நான் எங்கன பெயிண்ட் அடிக்க? இதத்தான நான் அன்னைக்கே உங்க டேபிள் முன்னால நின்னு சொன்னேன்."

சொன்னார். இப்போது ஞாபகம் வருகிறது. கையில் டீ கிளாஸோடு நின்று சொன்னார். நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

"அந்த ரூவாய நான் அப்பவே கணக்குல கழிச்சிட்டேன். விடுங்க. அந்தக் கம்பெனியில இன்னும் உங்களுக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காங்களா?"

இருக்கிறார், பழைய சீனியர், அந்த இணைப்பை முதலில் போட்டவர். வாராவாரம் அனுப்பிய ஃபைல் எல்லாம் சர்வரில் தேதி வாரியாக இருக்கும். என்னவெல்லாம் வெட்டினேன், எந்த வாரம் வெட்டினேன் என்று ஞாபகம் இருந்தவரை ஒரு பக்கத்துக்கு எழுதி, என் பெயர் போட்டு, அவருக்கும் அண்ணாச்சிக்கும் நேற்று மெயில் அனுப்பியிருக்கிறேன். சீனியரிடமிருந்து இதுவரை பதில் இல்லை.

அண்ணாச்சியிடமிருந்து இன்று காலை முருகன் படம் வந்தது. முதல் முறையாகப் பதில் வணக்கம் போட்டேன்.